இடது பட்டன்

"இன்னைக்கு நீங்க அந்தக் கதையைச் சொல்லக் கூடாது."

"கதையா? பதினோரு வருஷமா சொல்றேன், இன்னைக்குத்தான் அது கதையா—"

"கதைதான். அதுவும் முழுப் புளுகு—"

"கையைப் பாரு. இது புளுகா? இந்தா, நல்லாப் பாரு—"

"கையை ஆட்டாதீங்க. பட்டன் போட முடியல."

அவர் வலது கையை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த மணிக்கட்டில் சட்டைப் பட்டனை மாட்டிவிடுவது அவள் வேலை. வலது கைப் பட்டனை இடது கைதானே போட வேண்டும்? அவருடைய இடது கையில் மிச்சம் இருந்தது கட்டை விரலும் சுண்டு விரலும். மற்ற நாட்களில் அரைக்கைச் சட்டையோடு போய்விடுவார். மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்கு மட்டும் முழுக்கை, இஸ்திரி போட்டது. அன்றைக்குத் தொழிற்சாலையில் பாதுகாப்பு வகுப்பு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முன்னால் நின்று, இடது கையைத் தூக்கிக் காட்டி, மூன்று விரல்கள் எப்படிப் போயின என்று அவர் சொல்ல வேண்டும். தொழிலாளிகள் அதற்கு வைத்த பெயர் 'கை கிளாஸ்'. அவருக்கு வைத்த பெயர் வாத்தியார்.

"முழுக்கைச் சட்டை எதுக்கு? மடிச்சுவிட்டுக் காட்டறதுக்கா?"

"டீசன்ட்டா வரணும்னு கம்பெனியில சொல்லியிருக்காங்க."

"மூணு விரலை வாங்கிக்கிட்டவங்களுக்கு டீசன்ட்டு ஒண்ணுதான் குறைச்சல்."

"காலங்காத்தால ஆரம்பிக்காத."

"மணி பத்து. காலங்காத்தாலயெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு அந்த வகுப்புல யார் உக்காந்திருப்பான்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியாம? பேரு எழுதிக் கொடுத்ததே நான்தானே."

"அதைத்தான் நானும் சொல்றேன். எழுதிக் கொடுத்தது நீங்கதான்."

மகள் வேலைக்குச் சேர்ந்து ஆறு நாள் ஆகியிருந்தது. பத்தொன்பது வயது. டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலை அது. வாத்தியாருக்குப் பெரிய இடத்தில் சொல்லி வேலை வாங்கும் செல்வாக்கெல்லாம் கிடையாது. ஆனால் அங்கே அவர் கேட்டதை இல்லை என்று சொல்ல யாருக்கும் கொஞ்சம் கூச்சம். மகளுக்கு ஒரு வேலை கேட்டார், கிடைத்தது. பயிற்சி முடித்துத்தான் மிஷினில் நிற்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. வகுப்போ மாதத்துக்கு ஒரு முறை. அதனால் சேர்ந்த மறுநாளே மிஷினில் நிறுத்திவிட்டார்கள். ஏழாம் நம்பர் மிஷின். அவருடைய விரல்கள் போன அதே ஏழாம் நம்பர்.

"மிஷினை மாத்திக் கொடுங்கன்னு கேளுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"கேட்டேன். 'ஏழுல என்ன வாத்தியாரே, பேய் பிசாசா இருக்கு'ன்னு சிரிக்கறாரு."

"யாரு, சீக்கிரமா?"

"அவருதான்."

'சீக்கிரம்' என்பது மேனேஜர். முன்பு சூப்பர்வைசராக இருந்தபோது ஒவ்வொரு மிஷின் பக்கமும் வந்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அவர் பதவி உயர்ந்தது, பெயர் உயரவில்லை.

"அவரு சிரிப்பாரு. அவருக்குப் பத்தும் இருக்கு" என்றாள். பட்டன் துளைக்குள் போகாமல் வழுக்கியது. "பொண்ணு முன்னாடி நின்னு, 'நான் ஒரு மடையன், நானே கட்டினேன், நானே வெட்டிக்கிட்டேன்'னு சொல்லப்போறீங்க."

"அவ அப்பன் மடையன்னு அவளுக்குப் புதுசா தெரியணுமா?"

"வேடிக்கை பண்ணாதீங்க. அது பொய்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"மெதுவா பேசு. அவ உள்ள இருக்கா."

"குளிக்கறா. தண்ணி விழற சத்தம் கேக்குதில்ல?"

"வருஷக்கணக்கா ஓடிப்போச்சு. இப்ப எதுக்கு அதைப்போய்—"

"கட்டினது நான்."

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் கை மட்டும் பட்டனைத் துளைக்குள் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. வாடகை, பால், அவள் தம்பி, இவர் அக்கா என்று எதை எதையோ இழுத்துப் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு வார்த்தை மட்டும் வெளியே வந்ததில்லை.

அந்த மிஷினில் இரண்டு பட்டன்கள், ஆளின் இரு பக்கமும், உள்ளங்கை அகலத்துக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே நிற்கும் இரும்பு அச்சு கீழே இறங்கித் தகட்டை மூடியாக அடிக்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது அல்லவா? அதற்காகத்தான் இரண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அப்படி ஒழுங்காக அழுத்தினால் மணிக்கு நானூறு மூடி வரும். கேட்பது ஐந்நூற்றைம்பது. அதனால் பெண்கள் இடது பட்டனை ஒரு துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பட்டன் அழுந்தியே இருக்கும். இடது கை தகட்டை வைத்து எடுக்கும், வலது கை அழுத்தும். ஐந்நூற்றைம்பது என்ன, அறுநூறுகூட வரும். துணி எங்கிருந்து வரும் என்றால், சூப்பர்வைசர் சீக்கிரமே காலையில் ஆளுக்கொன்று கொடுப்பார், மிஷின் துடைக்க என்று. இரண்டு விரல் அகலத்தில் ஒரு முழம் துணி. அதை வைத்து மிஷினைத் துடைத்தவர்கள் யாரும் இல்லை.

அப்போது அவள் முதல் ஷிப்ட், அவர் இரண்டாவது. வேலை முடியும்போது துணியை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் போவாள். அன்றைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. குழந்தைக்கு நெருப்பாகக் காய்கிறது, கண்ணைத் திறக்கவில்லை என்றார்கள். அவள் அப்படியே ஓடினாள். வாசலில் அவர் எதிரே வந்தார். 'பாப்பாவுக்குக் காய்ச்சல்' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் ஏழாம் நம்பருக்குப் போனார். அவள் கடைசியாக அடித்த மூடி அச்சில் ஒட்டிக் கிடந்தது. அதை எடுக்க இடது கையை உள்ளே விட்டுக் குனிந்தார். குனியும்போது ஊன்றிக்கொள்ள வலது கையை வலது பட்டன் மேல் வைத்தார். எல்லோரும் அப்படித்தான் ஊன்றுவார்கள். ஒரு பட்டனால் ஒன்றும் ஆகாது.

கையைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றும்போது சீக்கிரம் ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, 'யாரு கட்டினது?'

'நான்தான்' என்றார் இவர்.

மருத்துவமனைக் கட்டிலில் வைத்து அதையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். தப்பு அவருடையது என்று ஆனதால் நஷ்ட ஈடு கிடையாது. இரக்கம் உண்டு. கிடங்கில் கையுறை எடுத்துக் கொடுக்கும் வேலையும், மாதம் ஒரு வகுப்பும் அந்த இரக்கத்தில் வந்தவை.

"கட்டினது நான்" என்று அவள் மறுபடியும் சொன்னாள். "எனக்காகத்தான் அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க. சரி. அதுக்கு நானும் இத்தனை வருஷமா பட்டன் போட்டுவிடறேன். என்னை மன்னிச்சீங்களா இல்லையான்னுகூட இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

"மன்னிக்கறதுக்கு நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

"கேட்டுத்தான் தெரியணுமா எனக்கு?"

"தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அதுக்கு நாலு அறை விட்டிருந்தா தேவலை."

"சரி, இப்ப என்ன பண்ணணும்ங்கற? மைக்கைப் பிடிச்சு என் பெண்டாட்டிதான் கட்டினான்னு சொல்லவா?"

"சொல்லுங்க. நான் அந்த வேலையை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு. இப்ப வேலை செய்யற சலவைக் கடைக்கு வந்து என்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?"

"உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. என்னைத்தான் பண்ணுவாங்க. பொய் எழுதிக் கொடுத்தவன்னு வெளிய தள்ளுவாங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டு எங்க போய் நிப்பேன்? எவன் வேலை கொடுப்பான்? பொண்ணையும் சேத்துத் துரத்துவாங்க."

"துரத்தட்டும். விரலோட துரத்தட்டும்."

"பேச நல்லா இருக்கு."

"நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க அங்க என்ன சொல்லிக் கொடுக்கறீங்க?"

"பட்டனைக் கட்டாதீங்கன்னு."

"கட்டறவளுக்கு எதுவும் ஆகாதுங்க. நான் கட்டினேன், எனக்கு என்ன ஆச்சு? பத்து விரலும் இருக்கு, உங்களுக்குப் பட்டன் போட. கட்டினவளுக்குத் தெரியும், கட்டியிருக்குன்னு. அவ ஊன மாட்டா, கையை உள்ள விட மாட்டா. பின்னாடி வர்றவங்களுக்குத்தான் போகும். அதை என்னைக்காவது அந்தப் பிள்ளைங்ககிட்டச் சொன்னீங்களா? எனக்கு நல்லவரா இருக்கறதுக்காக ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தப்பான பாடம் நடத்தறீங்க."

பட்டன் ஒருவழியாகத் துளைக்குள் போயிற்று. அவள் கையை எடுக்காமல் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எனக்குத் துணி எங்க இருக்குதுன்னு தெரியும்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தண்ணீர் சத்தம் எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை. மகள் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு கதவோரத்தில் நின்றாள்.

"எந்தத் துணி?" என்றாள் அம்மா.

"எனக்கு முன் ஷிப்ட்ல நிக்கிற அக்கா கட்டற துணி. மஞ்சள் கலர். போகும்போது அவுத்துடுவாங்க." தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். "சனிக்கிழமை மறந்துட்டாங்க."

"மறந்துட்டாங்களா?"

"நான் பாத்துட்டேன். மஞ்சளா இருந்ததால கண்ணுல பட்டுச்சு. வேற கலரா இருந்தா தெரிஞ்சிருக்காது. அங்க எல்லாமே எண்ணெய்க் கறுப்பு."

அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "சனிக்கிழமை நடந்ததை இன்னைக்குச் சொல்றா. கேட்டுக்குங்க."

"சொன்னா வேலைக்குப் போகாதன்னு சொல்லுவே."

"அந்த அக்காகிட்டச் சொன்னியா?" என்றார் அப்பா.

"நேத்து அவங்க வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்ப்பா. அழுதாங்க. சின்னக் குழந்தை, ஸ்கூல் விடற நேரமாம், ஓடிட்டாங்களாம். யார்கிட்டயும் சொல்லாதன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க." துண்டைக் கொடியில் போட்டாள். "நான் சொல்லல."

ஒரு தட்டில் மூடி வைத்திருந்ததை மகள் எடுத்துத் தின்றாள். அவள் தின்று முடித்துக் கை கழுவும்வரை அம்மா அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவரிடம் வந்து, சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்கிற சாக்கில், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"என் பேர்கூட வேண்டாம். 'மிஷினுக்குப் போனதும் ரெண்டு பட்டனையும் தொட்டுப் பாருங்க, முன்னாடி நின்னவங்க கட்டிட்டுப் போயிருப்பாங்க'ன்னு அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"மென்னு முழுங்கக் கூடாது."

"சொல்றேன்னு சொன்னேன்ல."

தொழிற்சாலைக்கு இருபது நிமிட நடை. இரும்புக் கடைகள், லாரி நிறுத்துமிடம், பூட்டிக் கிடக்கும் ஒரு பஞ்சு ஆலை, அதன் சுவரை ஒட்டிச் சாக்கடை. அப்பா முன்னால் போனார், மகள் அரை அடி பின்னால்.

"உள்ள போனா சார்னு கூப்பிடணும்" என்றார்.

"தெரியும் சார்."

"வெளியிலயே ஆரம்பிச்சுட்டியா?"

"பழகிக்கறேன் சார்."

அவர் சிரித்தார். கொஞ்ச தூரம் போய், "காலையில எதுலேர்ந்து கேட்ட?" என்றார்.

"நம்ம பாத்ரூம் கதவு பாத்திருக்கீங்களாப்பா? அடியில ஒரு சாண் கிடையாது."

"எல்லாத்தையுமா?"

"ஆமா." ஒரு லாரி போகும்வரை ஒதுங்கி நின்றாள். "எனக்குக் காய்ச்சல் வந்ததுதான் தெரியும். கண்ணைத் திறந்தப்ப உங்க கையில கட்டு இருந்தது. அது வரைக்கும்தான் தெரியும்."

"அதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல."

"யார் தப்புன்னு நான் கேக்கலயே."

கேட்டில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனதும் அவள் வேகமாக நடந்து மற்றப் பெண்களோடு சேர்ந்துகொண்டாள்.

வகுப்பு சாப்பாட்டுக் கூடத்தில். மேசைகளைச் சுவரோடு தள்ளி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். புதியவர்கள் இருபத்து மூன்று பேர். பாதுகாப்பு அதிகாரி போன வருடம் வந்த இளம்பெண், எல்லோருக்கும் மேடம். உண்மையாகவே அக்கறை உள்ளவள், அதனால் அவள் பேசும்போது மற்றவர்களுக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். திரையில் ஒவ்வொரு படமாகப் போட்டுக் காட்டினாள். கனத்தைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு. எண்ணெய் சிந்தினால் உடனே மரத்தூள் போடு. காதில் பஞ்சு இல்லாமல் பிரஸ் மிஷின் பக்கம் போகாதே. இன்று இரைச்சல், பத்து வருடத்தில் செவிடு. கடைசிப் படத்தில் தலைக்கவசம் போட்ட ஒரு பொம்மை விரலை ஆட்டிக்கொண்டு நின்றது. 'அவசரம் ஆபத்து' என்று அதன் கீழே பெரிய எழுத்து. அந்த எழுத்துக்கு நேர் கீழே மேனேஜர் சீக்கிரம் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு ஷிப்ட் தொடங்க வேண்டும்.

"இப்ப நம்ம சார் பேசுவாங்க. அவங்க சொந்த அனுபவம். கவனமாக் கேளுங்க" என்றாள் மேடம்.

வாத்தியார் எழுந்து போய், எப்போதும் போடும் நாற்காலியில் உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டையை இடது பக்கம் மடித்துவிட்டார். கையைத் தூக்கினார். எப்போதும்போல முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, கடிக்காது" என்றார். லேசான சிரிப்பு. "பத்துல மூணு போனா எத்தனை?"

"ஏழு" என்றார்கள் சிலர்.

"எந்த மிஷின்ல போச்சுன்னு நினைக்கறீங்க? ஏழாம் நம்பர். கணக்கு சரியா இருக்கா?"

இந்த இடத்தில் எப்போதும் நன்றாகச் சிரிப்பார்கள். இப்போதும் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் மேலே போனார்.

"ரெண்டு பட்டன் எதுக்கு வச்சிருக்கான்? ரெண்டு கையும் வெளிய இருக்கணும்னுதான். நான் பெரிய புத்திசாலி. இடது பட்டனைத் துணியால கட்டிப்புட்டேன். ஒரு கையால அடி, ஒரு கையால எடு. ரொம்ப வேகம். ஒரு மூடி ஒட்டிக்கிச்சு. கட்டினதை மறந்துட்டுக் கையை விட்டேன். முடிஞ்சுது. யார் மேல தப்பு? மிஷின் மேலயா? கம்பெனி மேலயா? என் மேல. என் கையை நானே போட்டு அடிச்சேன்."

இந்த வரியோடு எப்போதும் முடித்துவிடுவார். மேடம் கைதட்டத் தயாரானாள். அவர் எழுந்திருக்கவில்லை. வலது மணிக்கட்டைப் பார்த்தார். பட்டன் சரியாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு" என்றார்.

சீக்கிரம் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஷிப்ட் மாறி மிஷினுக்குப் போறீங்கல்ல. போனதும் எதையும் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு பட்டனையும் தொட்டுப் பாருங்க. துணி ஏதாவது கட்டியிருக்கான்னு பாருங்க. நீங்க கட்டலன்னாலும்... முன்னாடி நின்னவங்க அவுக்க மறந்திருப்பாங்க."

மேடம் சட்டென்று நோட்டைத் திறந்தாள். அவளிடம் இருந்த எந்தப் படத்திலும் இது இல்லை. "இது முக்கியம் சார். இதை நான் வகுப்புல சேக்கணும். உங்களுக்கும் அப்படித்தான் ஆச்சா? முன்னாடி இருந்தவங்க யாராவது கட்டியிருந்தாங்களா?"

அவள் பேனாவைத் திறந்து காத்திருந்தாள். கேலி எதுவும் இல்லை. சொன்னால் எழுதிக்கொள்வாள், மேலே அனுப்புவாள். இத்தனை வருடத்தில் அவரிடம் இப்படி ஒருவர் கேட்டதில்லை.

நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்டது. சீக்கிரம் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"என்ன வாத்தியாரே, புதுசா ஏதோ சேக்கற. கட்டினது நீன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்க. பைல் என் அலமாரியிலதான் இருக்கு." குரலில் கோபம் இல்லை, பழகினவன் தோளில் கை போடுகிற குரல். "வேற யாராவது கட்டியிருந்தா தாராளமாச் சொல்லு, மேடம் பேரை எழுதிக்குவாங்க. அன்னைக்கு உனக்கு முன் ஷிப்ட்ல யாரு நின்னா? எனக்கு மறந்தேபோச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

சீக்கிரத்துக்கு மறந்திருக்கவில்லை. அது இருவருக்கும் தெரிந்தது.

"துணி கொடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கு" என்று ஒரு வாக்கியம் வாத்தியாரின் தொண்டைவரை வந்தது. மூன்றாம் வரிசையில் மகள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்த வேலை வேண்டும் என்று தோன்றியது. தனக்கும் வேண்டும் என்று தோன்றியது. எது முதலில் தோன்றியது என்று அவரைக் கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது.

"முன்னாடி யாரும் கட்டல மேடம்" என்றார். "நான்தான் கட்டினேன். பொதுவா ஒரு எச்சரிக்கைக்குச் சொன்னேன்."

"ஓ" என்றாள் மேடம். எழுதின அரை வரியை அடித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"அவ்வளவுதான். பொதுவா" என்றார் சீக்கிரம். "துடைக்கக் கொடுக்கற துணியைத் துடைக்க மட்டும் வச்சுக்குங்க. அதுக்குமேல இதுல பாடம் இல்ல. சீக்கிரம் கையெழுத்தை முடிங்க, மணியாச்சு."

கையெழுத்துத் தாள் முன்வரிசையில் தொடங்கி ஆள் ஆளாகக் கை மாறியது. 'பயிற்சி பெற்றேன், முழுவதும் புரிந்துகொண்டேன், இனி நடப்பதற்கு நானே பொறுப்பு' என்று மேலே அச்சடித்திருந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு. பேனா ஒன்றுதான் இருந்ததால் தாள் மெதுவாகத்தான் நகர்ந்தது. வாத்தியார் மடித்த சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். பக்கத்துக் கூடத்தில் முதல் ஷிப்டின் மிஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும் சத்தம் கேட்டது. எந்த நம்பர் எப்போது நிற்கிறது என்பது அவருக்குச் சத்தத்திலேயே தெரியும். மூன்று நின்றது. ஐந்து நின்றது. ஏழு நின்றது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று மேடம் கேட்டாள். ஒவ்வொரு மாதமும் கேட்பாள். இதுவரை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை.

"இருக்குங்க மேடம். சாரைக் கேக்கணும்."

தாள் மூன்றாம் வரிசைக்கு வந்திருந்தது. மகள் எழுந்து நின்றாள். தாள் ஒரு கையில், பேனா மறு கையில்.

"கேளும்மா, கேளு" என்றாள் மேடம் சந்தோஷமாக.

"நான் ஏழாம் நம்பர்ல நிக்கறேன் சார். எனக்கு முன்னாடி நிக்கறவங்க துணி கட்டறாங்க. அவங்க யாருன்னு சொல்ல மாட்டேன். சனிக்கிழமை அவுக்காம போயிட்டாங்க."

சீக்கிரம் எழுந்தார். "இதெல்லாம் அப்புறமா ஆபீஸ் ரூம்ல வந்து பேசலாம்."

"சாரைத்தான் கேக்கறேங்க" என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமல். குரல் உயரவில்லை. "நான் பாத்ததால தப்பிச்சேன் சார். கட்டினவங்க யாரும் அங்க கை ஊன மாட்டாங்கன்னு அஞ்சு நாள் நின்ன எனக்கே தெரியுது. அதை ஏன் நீங்க சொல்லலன்னு கேக்கல. அது உங்க வீட்டு விஷயம். இப்ப மணி ரெண்டு. அவங்க போயிட்டாங்க. அவுத்தாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. போய்ப் பாக்கத்தான் போறேன். ஒரு நாள் நானும் பாக்காம விட்டுட்டேன்னா—"

அவள் முன்னால் நடந்து வந்து தாளை அவருடைய மடியில் வைத்தாள். பேனாவை அதன் மேல் வைத்தாள். கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

"அப்ப நானும் நான்தான் கட்டினேன்னு எழுதிக் கொடுத்துட்டு, இந்த நாற்காலியில வந்து உக்காரணுமாப்பா?"